வெளியேறியவனின் சாட்சி

(அட்டனில் நடந்த நூல் வெளியீட்டுக் கூட்டத்தில் நூலாசிரியர் ஆற்றிய ஏற்புரை)



சபையை விட்டு நாம் வெளியேறிய வரலாற்றைச் சிறு நூலாக்கி இன்று உங்கள் முன் வைத்திருக்கிறோம். "போனவன் போகட்டும், போன கதையை அச்சேற்றுவானேன்?" என்று கேட்போர் பலர். அவர்களுள் நம்மைப் பெற்றெடுத்த அன்னையும் ஒருவர். இன்றும் அவர் அதே சபையில்தான் இருக்கிறார். இக்கூட்டத்திற்கு அவர் வரவில்லை. ஊருக்கு விடை கூறுமுன் அவருக்கு விடை கூறுவதே முறை.

முதற்கண் நாம் பட்ட கடனை ஒப்புக்கொள்வோம். தந்தையார் நோயுற்றுக் கிடந்த நாட்களில் நம் லயத்துக் காம்பராவின் கதவைத் தட்டி உள்ளே வந்தவர்கள் சபையாரே. அரிசி கொண்டுவந்தார்கள், இரவெல்லாம் கண்விழித்திருந்தார்கள், அவர் மறைந்தபோது பிரேதத்தைச் சுமக்கத் தோள் கொடுத்தார்கள். தோட்டத்துச் செக்ரோலில் அவர் ஒரு பேர். சங்கத்தின் ஏட்டில் அவர் ஒரு சந்தா. சபையில்தான் அவர் 'சகோதரர்'. இதை மறைத்து நூல் எழுதியிருந்தால், அது நன்றி கொன்ற செயலாகும்.

அங்ஙனமாயின் வெளியேறியது ஏன்? பெரிய தத்துவப் போர் எதுவும் நிகழவில்லை. சிற்றப்பாவின் இழவு வீட்டில் தப்பு முழங்கியது. அங்கே நிற்பதே பாவம் என்றார்கள். காமன் கூத்தைப் பார்த்ததும் பாவம் என்றார்கள். நோய்க்கு மருந்து தேடிப்போன அண்டை வீட்டுப் பெண்ணுக்கு விசுவாசம் போதாது என்றார்கள். 2018இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் கேட்டு மலையகத் தொழிலாளர் திரண்டபோது, அஃது இவ்வுலகக் காரியம், நமக்கு ஜெபமே போதும் என்றார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் தழும்பேற்றிய தாய்மார்களை எதிரே அமர்த்திக்கொண்டே அதைச் சொன்னார்கள். கேள்வி கேட்டோம். 'பின்மாற்றக்காரன்' என்ற பட்டம் கிடைத்தது. அதன்பின் தேயிலை மலைப் பாதையில் எதிர்ப்பட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கதவை எவரும் சாத்தவில்லை. ஆனால் உள்ளே நமக்கு இடமில்லை.

தோழர்களே! நம் மக்களின் உள்ளத்தை நம் மக்களே எழுதுவது இம்மலைகளில் எளிதாக வந்த பேறன்று. 1854இல் துரைமாரின் ஆதரவோடு இங்கே தொடங்கிய மறைப்பணிக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். அது எழுத்தறிவு தந்தது, அதை மறுக்கமாட்டோம். ஆயினும் அறிக்கை எழுதியவர் மிஷனரி. கணக்கு எழுதியவர் துரை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது ஏட்டில் ஏறியது. சேர்ந்தவன் என்ன நினைத்தான், விலகியவன் ஏன் விலகினான் என்பதை அவனே எழுத அங்கே இடமில்லை. அச்செழுத்தைத் தொழிலாளியின் கருவியாக்கியவர்களுள் முன்னோடி, இந்த அட்டனை நிலைக்களமாகக் கொண்டு உழைத்த கோ. நடேசய்யர் அவர்கள். தோட்டத்து மனிதனின் இன்ப துன்பத்தை இலக்கியமாக்கிக் காட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள். அவர்கள் வெட்டிய பாதையில் ஓரடி எடுத்து வைக்கிறோம். பெருமை வேறொன்றுமில்லை.

இத்தகைய நூலுக்கு விலை உண்டு என்பதையும் அறிவோம். தமிழகத்தில் பாமா அவர்கள் கத்தோலிக்கத் துறவு மடத்தை விட்டு வெளியே வந்து, 1992இல் 'கருக்கு' நூலை வெளியிட்டார். மடத்துக்குள்ளும் சாதி இருந்ததை அவர் எழுதினார். சொந்த ஊர் மக்களே முதலில் சினந்தார்கள். சில மாதங்கள் ஊருக்குள் செல்லவும் அவரால் இயலவில்லை. நம் நாட்டிலோ, பாதிரியார் திஸ்ஸ பாலசூரிய அவர்கள் மரியாளைப் பற்றி 1990இல் எழுதிய நூலுக்காக 1997 சனவரியில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். 1998 சனவரியில் மீண்டும் ஏற்கப்பட்டார். ஒருவர் தாமே வெளியேறி எழுதினார். மற்றவர் எழுதியதனால் வெளியேற்றப்பட்டார். இருவரும் எழுத்தைத் திரும்பப் பெற்று அமைதி தேடவில்லை.

இனி, மற்றொரு திசையிலிருந்து வரும் ஆபத்தைச் சொல்லவேண்டும். இந்நூலைக் கையில் ஏந்தி, "பார்த்தீர்களா! மதமாற்றத்தைச் சட்டத்தால் தடுங்கள்" என்று முழங்க ஆசைப்படுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்நூலில் ஒரு வரியையும் இரவல் தரமாட்டோம். 2004இல் அத்தகைய மசோதா ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் அவ்வாண்டிலேயே கூறிற்று. அது சட்டமாகவில்லை. தான் விரும்பிய மதத்தை அல்லது நம்பிக்கையைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பதே அந்த உறுப்புரை. அந்த உரிமையால்தான் நாம் வெளியேறினோம். அதே உரிமையால்தான் நம் அன்னை அங்கே இருக்கிறார். ஒன்றை வெட்டினால் மற்றொன்றும் சாயும். லயத்தில் கூடி ஜெபிக்கும் ஏழையை மிரட்டும் கை, நாளை கேள்வி கேட்கும் ஏழையின் பேனாவையும் பறிக்கும்.

நூலில் எழுதாது விட்டவையும் உண்டு. உபவாச ஜெபத்தில் பிறர் கண்ணீரோடு சொன்ன குடும்பத் துயரங்கள் பலவற்றை நாம் கேட்டிருக்கிறோம். அவற்றில் ஒன்றையும் அச்சிடவில்லை. அவை நம்மை நம்பிச் சொன்னவை. நாம் வெளியேறிவிட்டதனால் அந்த நம்பிக்கை காலாவதியாகிவிடாது. எழுதிய ஓர் அதிகாரத்தை அச்சுக்குப் போகுமுன் கிழித்தெறிந்தோம். அது நூலின் சுவையான அதிகாரம். ஆனால் நமக்கு உரிமையற்ற அதிகாரம்.

இறுதியாக, அன்னைக்குக் கூறும் விடை. அம்மா! எழுந்து நின்று, கண்டதையும் அனுபவித்ததையும் அஞ்சாமல் சொல். அதற்குச் 'சாட்சி' என்று பெயர் என நமக்குக் கற்பித்தது உங்கள் சபையே. சேர்ந்தவன் சொன்னால் சாட்சி, விலகியவன் சொன்னால் துரோகமா? உண்மை இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? நீங்கள் கற்பித்த பாடத்தைத்தான் ஒப்பித்திருக்கிறோம். இந்நூலின் முதற் பிரதியை மேடையில் எவருக்கும் கொடுக்கவில்லை. அஃது உங்களுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. படிக்க மனமில்லையெனில், உங்கள் வேதப் புத்தகத்தின் அருகே வைத்திருங்கள். அது போதும்.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களே! சேர்ந்த கதையோ விலகிய கதையோ, கோயில் கதையோ சபைக் கதையோ, உங்கள் கதையை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். கடனை மறைக்காமல், பகையை வளர்க்காமல் எழுதுங்கள். செக்ரோலில் நம் பேரைப் பிறர் எழுதினார்கள். நம் மனத்தை நாமே எழுதுவோம்.