கரண்ட் வந்ததும் டோக்கன் பலகையும் வரணும்

(ராயப்பேட்டையில் சேவை மையப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் படிச்சது இதழியல், பார்க்கிறது தகவல் துறையில எழுதுற வேலை. சர்வரைப் பத்தி நான் ஏன் பேசணும்னு உங்களுக்குத் தோணலாம். டோக்கன் பலகை நின்னுபோனா மக்கள் கேள்வி கேட்கிறது கவுன்டர்ல இருக்கிற உங்களைத்தான், பொறியாளரை இல்ல. அதனாலதான்.

இந்த ராயப்பேட்டையிலேயே ஒரு சேவை மையம்னு வெச்சுக்குங்க. ராத்திரி மின்சாரம் போகுது. யூ.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்துடுது. விடியற்காலையில கரண்ட் வந்து கணினி தானாவே ஆன் ஆகுது. ஆனா டோக்கன் நிரல் வரல. முதியோர் உதவித்தொகைக்காக வந்த பாட்டி வெத்துத் திரையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. கணினியில கோளாறு எதுவும் இல்ல. நிரலைத் தொடங்கிவிட ஆள் இல்ல, அவ்வளவுதான்.

லினக்ஸ் சர்வர்ல இப்படிப்பட்ட நிரலை ஓட்ட நிறைய பேர் டிமக்ஸ் பயன்படுத்துறாங்க. ஒரே கறுப்புத் திரைக்குள்ள பல திரைகளைத் திறந்துவைக்கிற மென்பொருள் அது. நிக்கோலஸ் மாரியட் எழுதி 2007-ல வந்தது. 1987-லயே வந்த ஸ்கிரீன் இதுக்கு அண்ணன் மாதிரி. நீங்க தொடர்பைத் துண்டிச்சுட்டு வீட்டுக்குப் போனாலும் உள்ளே நிரல் ஓடிக்கிட்டே இருக்கும். சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ்லயும் இதை நிறுவிக்கலாம்.

குழப்பம் வர்றதும் இங்கதான். வீட்டுக்குப் போனாலும் ஓடுதேன்னு, எப்பவுமே ஓடும்னு நினைச்சுடுறோம். டிமக்ஸ் செஷன் இருக்கிறது கணினியோட நினைவகத்துல. கணினி அணைஞ்சா செஷனும் போச்சு.

வழி சின்னதுதான். பின்னணியில 'டோக்கன்'னு ஒரு செஷனைத் திறந்து, அதுக்குள்ள நிரலைத் தொடங்குற மாதிரி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதணும். அதே பெயர்ல இரண்டாவது செஷனை டிமக்ஸே அனுமதிக்காது, அதனால பெயர் வைக்க மறக்காதீங்க. பிறகு, கணினி தொடங்கும்போதெல்லாம் இந்த ஸ்கிரிப்டை ஓட்டுன்னு கிரான் அட்டவணையில ஒரு ரீபூட் வரி. அதை நிரல் ஓடுற பயனர் கணக்கோட அட்டவணையிலேயே எழுதுங்க. ரூட்டோட அட்டவணையில எழுதினா, நீங்க உங்க கணக்குல நுழைஞ்சு தேடும்போது செஷன் கண்ணுக்கே தெரியாது. கோப்புகளுக்கு முழுப் பாதை கொடுங்க. எது எங்கே இருக்குன்னு கிரானுக்கு அவ்வளவா தெரியாது. தரவுத்தளம் எழுந்திருக்கும் முன்னாடி நிரல் எழுந்தா விழுந்துடும். அதனால தரவுத்தளம் பதில் சொல்றவரைக்கும் ஸ்கிரிப்ட் காத்திருக்கணும்.

இதுலயும் ஒரு ஓட்டை உண்டு. கணினி ஓடிக்கிட்டிருக்கும்போதே நடுப்பகல்ல நிரல் செத்துப்போனா அந்த ரீபூட் வரி எழுப்பிவிடாது. மக்கள் காத்திருக்கிற நிரலுக்கு சிஸ்டம்டிதான் சரின்னு எனக்குப் படுது. விழுந்தா மறுபடி தொடங்குன்னு அதுல ஒரே வரியில சொல்லிடலாம். டிமக்ஸைச் சோதனை வேலைக்கு வெச்சுக்கலாம். உங்க பொறியாளர்கிட்ட சிஸ்டம்டிங்கிற பெயரைச் சொல்லியே கேளுங்க.

எது செஞ்சாலும் சோதிக்காம விடாதீங்க. ஒருநாள் சாயங்காலம், கடைசி ஆளும் கிளம்பினப்புறம், கணினியை ரீபூட் பண்ணிட்டு எதையும் தொடாம பலகையை மட்டும் பாருங்க. நம்பர் வரலன்னா, காலையில கவுன்டர் திறக்கிறதுக்குள்ள சரிபண்ண ஒரு ராத்திரி இருக்கு.