வியப்பிலிருந்து விளக்கத்திற்கு



வியப்புத் தரும் செய்திகளைத் தேடிச் சேர்ப்பதில் இளைஞர்களுக்குத் தனி ஆர்வம் உண்டு. வினாடி வினாப் போட்டிகளும், செய்தித்தாள்களின் துணுக்குப் பகுதிகளும், இன்று கையிலுள்ள செல்பேசியும் அவ்வார்வத்திற்கு நாள்தோறும் தீனி போடுகின்றன. இது நன்றே. வியப்பு அறிவின் தலைவாயில். ஆனால் வாயிலிலேயே நின்றுவிடுகிறவன் வீட்டைக் காண்பதில்லை. வியப்பான செய்தி ஒன்றைக் கேட்டவுடன், "அது எவ்வாறு தெரிந்தது?" என்று கேட்பவனே உள்ளே நுழைகிறான். இதனை நான்கு எடுத்துக்காட்டுகளால் விளக்க விரும்புகிறேன்.

முதலாவது, வரலாற்றுச் செய்தி. எகிப்து நாட்டு அரசி கிளியோபாட்ரா, பெரிய பிரமிடு கட்டப்பட்ட காலத்தைவிட, மனிதன் சந்திரனில் கால் வைத்த காலத்திற்கே நெருங்கியவள் என்று சொன்னால் நம்புவீர்களா? பிரமிடு, கிளியோபாட்ரா இரண்டையும் ஒரே படத்தில் பார்த்துப் பழகிய நமக்கு இது விந்தையாகவே தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். கூபு மன்னனுடைய பெரிய பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2560-இல் எழுந்தது. கிளியோபாட்ரா கி.மு. 69-இல் பிறந்து, கி.மு. 30-இல் மறைந்தாள். ஆகவே இடைவெளி சுமார் 2,500 ஆண்டுகள். அவள் காலத்திலிருந்து, சந்திரனில் மனிதன் இறங்கிய 1969 வரையிலோ சுமார் 2,000 ஆண்டுகளே. இங்கே வியப்பைத் தீர்த்து வைத்தது வெறும் கூட்டல் கழித்தல்தான். "பழங்காலம்" என்னும் ஒரே சொல்லுக்குள் நாம் எத்தனை நூற்றாண்டுகளை அடைத்து வைத்திருக்கிறோம் என்பதையும் அது நமக்குக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது, விஞ்ஞானச் செய்தி. பூமியில் காண்பதற்கு முன்பே சூரியனில் காணப்பட்ட தனிமம் ஒன்று உண்டு. அதுதான் ஹீலியம். 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில், பிரெஞ்சு அறிஞர் ழான்சென் தம் கருவிகளுடன் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் பாக்சன் காத்திருந்தார். சூரியனின் விளிம்பில் எழும் செந்நிறச் சுடர்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றிடையே ஒளிமிக்க மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது.

மஞ்சள் கோடு என்றால் சோடியம் என்றுதான் எவரும் எண்ணுவர். சோடியத்தின் கோடுகள் அவ்விடத்தை அடுத்தே உள்ளன. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், கிரகணம் இல்லாமலே அச்சுடர்களை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் லாக்கியர், அக்கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை, சற்றே விலகி நிற்கிறது என்று கண்டார். அந்தச் சிறு விலகலை அவர் அலட்சியம் செய்யவில்லை. பூமியில் அறியப்பட்ட எப்பொருளும் அக்கோட்டைத் தராமையால், இது புதிய தனிமமாதல் வேண்டும் என்ற முடிவு பிறந்தது. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயரும் அமைந்தது. பலர் ஐயுற்றனர். 27 ஆண்டுகள் கழிந்து, 1895-இல், ராம்சே என்பார் யுரேனியம் கலந்த கனிமம் ஒன்றை அமிலத்திலிட்டு, வெளிவந்த வாயுவை ஆராய்ந்தார். அதே மஞ்சள் கோடு அங்கே ஒளிர்ந்தது!

"குண்டூரில் ழான்சென் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவோர் உளர். அது முழு உண்மையன்று. குண்டூரில் அவர் பெற்ற பெரும்பயன், கிரகணமில்லாத நாளிலும் அச்சுடர்களைக் காணும் வழியே. புதுத் தனிமம் பற்றிய கருத்து பின்னர் வந்தது. ஒரு கண்டுபிடிப்பு ஒருவர் கையில் ஒரே நாளில் முடிவதில்லை என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

மூன்றாவது, பொதுமக்கள் வாழ்வில் கலந்த செய்தி. பிறந்தநாள் விழாக்களில் உலகெங்கும் ஒலிக்கும் "ஹாப்பி பர்த்டே" பாட்டின் மெட்டு, முதலில் பிறந்தநாளுக்காக எழுந்ததன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மழலையர் பள்ளி ஆசிரியையான பாட்டி ஹில் என்பவரும், அவர் தமக்கை மில்ட்ரெட் ஹில்லும் குழந்தைகளுக்குக் காலை வணக்கம் கூறும் வகுப்பறைப் பாட்டாக அதனை அமைத்து, 1893-இல் வெளியிட்டனர். பிறந்தநாள் சொற்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. பின்னாளில் அப்பாட்டின் பதிப்புரிமை தம்முடையது என்று கூறி, திரைப்படங்களில் அதனைப் பயன்படுத்துவோரிடம் ஒரு நிறுவனத்தார் கட்டணம் பெற்று வந்தனர். ஆவணப்படம் எடுத்த ஒரு பெண்மணி வழக்குத் தொடர்ந்தார். உரிமைக் குறிப்பு ஏதுமின்றி அப்பாட்டு அச்சான 1922-ஆம் ஆண்டுப் பாட்டுப் புத்தகம் ஒன்று அவ்வழக்கில் எடுத்துக் காட்டப்பட்டது. 2015-இல் நீதிமன்றம் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பழைய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துப் புரட்டுவதன் பயனைப் பார்த்தீர்களா?

நான்காவது செய்தியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் கண்ணுக்குத் தெரியும் என்பது அது. 1932-இல், எவரும் விண்வெளிக்குச் செல்லாத காலத்தில், ரிப்ளி என்பாரின் புகழ்பெற்ற விந்தைச் செய்திப் படத்திலேயே இது வெளிவந்துவிட்டது! பார்த்தவர் யார்? ஒருவருமில்லை. சுவரின் அகலம் சில மீட்டர்கள். சந்திரனின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். ஒரு தலைமயிரை மூன்று நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் நின்று காண்பதற்கு இது ஒப்பாகும். 2003-இல் விண்வெளி சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய், சந்திரனைவிட எவ்வளவோ அருகில் பூமியைச் சுற்றி வந்தும், தம் கண்ணுக்குச் சுவர் புலப்படவில்லை என்றே கூறினார். அதுவரை சீனத்துப் பள்ளிப் பாடநூலிலும் இக்கூற்று இடம்பெற்றிருந்தது. அச்சில் ஏறியதெல்லாம் உண்மையாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மாணவர்களே, முன்னைய மூன்று செய்திகளும் ஏன் நிலைத்தன? ஒன்றுக்குக் கணக்கும், ஒன்றுக்கு ஆய்வும், ஒன்றுக்கு ஆவணமும் துணை நின்றன. நான்காவதற்குத் துணையாக நின்றது, பலரும் சொன்னார்கள் என்பது ஒன்றே. நாளை நீங்கள் மருத்துவராகலாம், வழக்கறிஞராகலாம், வாக்காளராவது உறுதி. ஆதாரமற்ற ஒரு மருந்துச் செய்தி உயிரைக் குடிக்கும். ஆதாரமற்ற ஒரு வதந்தி ஊரையே கொளுத்தும். சுவரைப் பற்றிய பொய்யால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் அதனைக் கேளாமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தால் தீங்குண்டு.

ஆகவே, வியப்பதை விட்டுவிடாதீர்கள். வியந்த பின் ஒரு கணம் நின்று, யார் கண்டார், எப்போது கண்டார், எதனைக் கொண்டு அறிந்தார் என்று கேளுங்கள். பிறருக்குச் சொல்வதற்கு முன் கேளுங்கள். ஆசிரியர் சொன்னாலும் கேளுங்கள். நல்லாசிரியர் எவரும் அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்.