படத்துக்கு விலையா, பணிக்கு விலையா?

வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் மண்டபம், சமையல், மேளம் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிக்கிறோம். அந்த வரிசையில் போட்டோகிராபரும் உண்டு. அவரிடம் மட்டும் இப்போது ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கிறது: “ஃபிலிம் இல்லை, கழுவுகிற வேலை இல்லை, எல்லாம் டிஜிட்டல்தானே, எதற்கு இவ்வளவு கேட்கிறீர்கள்?” கேட்பவர் வேண்டுமென்றே குறைத்துப் பேசவில்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. தொழிலில் இருப்பவர்களிலும் பலருக்கு இதற்குக் கோவையாகப் பதில் சொல்ல வருவதில்லை. தொழிலின் இன்றைய நெருக்கடிக்கு வேர் இந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். டிஜிட்டல் வந்தபோது போட்டோகிராபரின் வேலை குறையவில்லை. அந்த வேலைக்கு விலை சொல்லிவந்த வழி அடைபட்டுப் போனது. மாற்று வழியை நாம் இன்னும் உண்டாக்கிக்கொள்ளவில்லை.

ஃபிலிம் காலத்தில் விலை கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு ரோலில் 36 படம். ரோலுக்குக் காசு, ரசாயனத்துக்குக் காசு, காகிதத்துக்குக் காசு. இந்தியாவுக்கு வேண்டிய கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் காகிதத்தையும் இங்கேயே செய்வதற்கு 1960-இல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனமே தொடங்கப்பட்டது என்றால், அந்தப் பொருள்களுக்கு இருந்த மதிப்பை எண்ணிப் பாருங்கள். காப்பி ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று ஸ்டூடியோவில் சொல்வார்கள். கையில் கிடைத்த அட்டைக்குக் காசு கொடுத்ததாக வாடிக்கையாளரும் நினைத்துக்கொள்வார். முகத்தில் நிழல் விழாமல் விளக்கை நகர்த்தியது, நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தது, இருட்டறையில் நின்றது எல்லாம் அந்த அட்டையின் விலைக்குள்ளேயே கரைந்திருந்தன. நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே தங்கியதால், மறுபடி காப்பி வேண்டும் என்று வருகிறவர்களால் சிறு வருமானம் பல வருடங்களுக்கு வந்துகொண்டிருந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, நீதிமன்றம் அப்போதே இதைத் தெளிவாகப் பார்த்தது. படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதற்கு விற்பனை வரி உண்டா என்ற வழக்கில், போட்டோகிராபர் தருவது அடிப்படையில் திறமையும் உழைப்பும்தான், அது சரக்கு விற்பனை ஆகாது என்று 1970-களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வரிச் சட்டமும் தீர்ப்புகளும் பின்னால் மாறின. ஆனாலும் ஃபிலிம் இருந்த நாளிலேயே காகிதம் இரண்டாம்பட்சம் என்று சொன்ன அந்தத் தர்க்கம், ஃபிலிமே இல்லாத இன்றைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது.

டிஜிட்டல் கேமரா ஓர் இரவில் வந்துவிடவில்லை. கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர் 1975-லேயே அதைச் செய்து காட்டினார். அதே கோடாக் 2012-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. உதகை ஆலையும் நலிந்து மூடப்பட்டது. பொருள் போனதோடு, அதன் பெயரால் வாங்கிய விலையும் போயிற்று. செலவு மட்டும் போகவில்லை, இடம் மாறியது. முன்பு எத்தனை ரோல் ஓடியதோ அத்தனைக்கு வாடிக்கையாளர் கொடுத்தார். இன்று கேமரா, லென்ஸ், கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், மென்பொருள் சந்தா எல்லாவற்றையும் ஆர்டர் வருவதற்கு முன்பே போட்டோகிராபர் தன் கைக்காசிலோ கடனிலோ போட வேண்டியிருக்கிறது. நெகட்டிவ் இருந்த இடத்தில், “எல்லாப் படத்தையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்” என்ற பேச்சு வந்துவிட்டது. மறு காப்பி வருமானத்துக்கு அதோடு முடிவு.

இனி அந்த உழைப்பைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். முகூர்த்த நேரம். கெட்டிமேளம் முழங்குகிறது, ஹோமப் புகை கண்ணை மறைக்கிறது, அட்சதை பறக்கிறது, மேடையைச் சுற்றிலும் செல்போன் ஏந்திய கைகள். தாலி ஏறுவது சில நொடிதான். இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. வீடியோ விளக்கின் வெள்ளை ஒளியும் மண்டப விளக்கின் மஞ்சள் ஒளியும் கலந்து அடிக்கும்போது, அரக்குப் பட்டு செம்மண் நிறமாகவும் சரிகை வெறும் வெள்ளைக் கோடாகவும் பதிந்துவிடக்கூடும். அனுபவசாலி இதை முன்கூட்டியே கணித்து ஒளியளவை வைத்திருப்பார். ஒரு கார்டு பழுதானாலும் படம் பிழைக்கும்படி இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிகிற கேமராவை வைத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவார். பிறகு ஆயிரக்கணக்கான படங்களில் கண் மூடியவை, ஆடியவை, ஒன்றுபோல் இருப்பவை என்று கழித்து, நிறம் திருத்தி, ஆல்பம் வடிவமைப்பார். பெரிய பங்கு வேலை மண்டபத்துக்கு வெளியே நடப்பதால் காசு கொடுப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை. நாதஸ்வரக் கலைஞருக்கு எத்தனை சீவாளி தேய்ந்தது என்று கணக்குப் பார்த்து நாம் சம்பளம் பேசுவதில்லை. போட்டோகிராபருக்கு மட்டும் எத்தனை படம், எத்தனை ஷீட் ஆல்பம் என்றே இன்னும் பேசுகிறோம்.

“செல்போனிலேயே நன்றாக வருகிறதே” என்பார்கள். உண்மைதான். பாஸ்போர்ட் படமும் பிறந்தநாள் படமும் பெருமளவு ஸ்டூடியோவை விட்டுப் போய்விட்டன. ஒரு காலத்தில் வாழ்நாளில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டவர்களின் வீட்டுப் பிள்ளைகள் இன்று தினமும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், அது மகிழ வேண்டிய மாற்றம். ஆனால் தொழில்முறைக் கலைஞரிடம் நாம் வாங்குவது ஒரு நல்ல படம் மட்டும் இல்லை. எந்தச் சூழ்நிலையிலும் படம் தவறாது என்ற உறுதியையும் சேர்த்து வாங்குகிறோம். செயற்கை நுண்ணறிவுக்கும் இதே பதில்தான். அது ஒரு திருமணத்தைக் கற்பனையாக வரைந்து தரும். நம் வீட்டுத் திருமணத்தில் அன்று யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பொய்ப் படம் பெருகப் பெருக, நேரில் நின்று எடுத்தவரின் பொறுப்புக்கு மதிப்புக் கூடவே செய்யும்.

அடுத்தது சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு காசு கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் தன் பெயரைக் கோரவும் படத்தைச் சிதைப்பதை எதிர்க்கவும் 57-ஆவது பிரிவு இடம் தருகிறது. வணிக உரிமை அவரிடம் இல்லை. வாய்ப்பேச்சில் ஆர்டர் எடுக்கிறவர், உரிமை என்ற ஒன்றைப் பேசாமலேயே அதைக் கொடுத்துவிட்டு வருகிறார். இந்த உரிமையைப் போட்டோகிராபரிடம் விட்டால் நம் வீட்டுப் பெண்ணின் படம் விளம்பரப் பலகையில் வந்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. பிரிட்டன் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டது: பதிப்புரிமை படம் எடுத்தவருக்கு, சொந்தக் குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படத்தை வெளியிடாமல் தடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு. இரண்டையும் ஒருசேரக் காக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

பாதி விலைக்கு எடுக்கப் புது இளைஞர்கள் இருக்கும்போது ஒப்பந்தமெல்லாம் எடுபடுமா என்று கேட்கலாம். விலைப் போட்டி தவறே இல்லை. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? குறைந்த விலைக்குப் பின்னால் இரண்டாவது கேமராவும், இரண்டாவது பிரதியும், திருத்தும் நேரமும் விடுபட்டிருக்கலாம்; நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் அது தெரியவரும். ஆகவே ஒரே பக்கம் போதும். எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எந்தத் தேதிக்குள் படம், எத்தனை வருடம் பிரதி காக்கப்படும், யார் எங்கே வெளியிடலாம், உரிமை யாருக்கு என்று தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோகிராபர் சங்கங்கள் இதற்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரித்து ஊர் ஊராகக் கொடுக்கலாம். அடுத்த முறை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆர்டர் பேசும்போது, எத்தனை படம் என்று கேட்பதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தைக் கேளுங்கள். அதைக் கொடுக்கிறவருக்கு அவர் சொல்கிற விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.