எத்தனை அங்குலம் தூக்கலாம்? டயரிடம் கேளுங்கள்

கேமரன் மலை திரிங்காப்பில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சேற்றுப் பாதைக்காகப் பிக்கப் வாங்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, “எத்தனை அங்குலம் தூக்கலாம்?”

கேள்வியே தலைகீழ். பின் அச்சின் அடிப்பகுதியைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர்தான். 31 அங்குல டயருக்குப் பதில் 33 போட்டால் கிடைப்பது ஒரே அங்குலம். அந்த டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கவே லிஃப்ட். பாடி லிஃப்ட் சேசிஸிலிருந்து உடலை மட்டும் தூக்கும். சஸ்பென்ஷன் லிஃப்ட் சேசிஸையும் சேர்த்துத் தூக்கும்.

உயரம் கூடக்கூட, கோசு மூட்டைகளோடு வளைவில் திரும்பும் வண்டி கவிழும் அபாயமும் கூடும். பிரேக்குக்கும் சுமை அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-இல் ஓடும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வேண்டும்.

பாதைக்கேற்ற டயர், டயருக்கேற்ற லிஃப்ட். அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம். மலையிறங்கும் வண்டிக்காக வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார்.