நம்ம பிள்ளைங்க கதைப் புத்தகத்தைப் பற்றி என்ன சொல்றாங்க?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு வாசிச்சாச்சு, கடன் தவணை பேசியாச்சு, அடுத்த பயிற்சிக்கு யார் யார் போறதுன்னு பேரும் கொடுத்தாச்சு. மீதி நேரத்தில் நான் பேசப் போவது கதைப் புத்தகங்களைப் பற்றி. "கதைப் புத்தகத்துக்கும் குழுவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்குதுக்கா. கடன் கேட்டு வரும்போது தீர்மான நோட்டில் நாம் அதிகமாக எழுதுகிற காரணம் என்ன? "பிள்ளைகள் படிப்புச் செலவு." அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று நமக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் வளரிளம் பெண்கள் குழுவில் 13 வயதிலிருந்து 18 வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். இப்போது தம்பிமார்களும் சில பேர் வந்து உட்காருகிறார்கள். சில மாதங்களாக இவர்களுக்குக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் படிக்கச் சொல்லி, சனிக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசினோம். ஒரே ஒரு நிபந்தனை. "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று யாரும் கேட்கக் கூடாது. பிடித்ததா, பிடிக்கவில்லையா, ஏன் என்று மட்டும் சொன்னால் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அம்புலிமாமா மாதிரி கதைகள் இருந்தன. பெரியவர்களுக்கு நாவல், தொடர்கதை இருக்கிறது. நடுவில் இருக்கிற இந்த வயசுக்கு? இவர்களுக்கென்று எழுதுவதை இளையோர் நாவல் என்கிறார்கள். அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் என்ற பெண், பள்ளியில் படிக்கும்போதே ஒரு நாவல் எழுதினார். அவர் ஊரில் வசதியான வீட்டுப் பையன்களும் ஏழை வீட்டுப் பையன்களும் இரண்டு கட்சியாக நின்று அடித்துக்கொள்வார்கள். அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று 15 வயதில் அவரே எழுத உட்கார்ந்தார். 'தி அவுட்சைடர்ஸ்' என்ற அந்தப் புத்தகம் 1967இல் வெளிவந்தது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். "எங்களைப் பற்றி எழுதவில்லையே" என்று ஒரு பள்ளிப் பிள்ளை குறைப்பட்டதில் பிறந்தது அது. அதனால் இந்த வயசுப் பிள்ளைகளின் கருத்தை லேசாக நினைக்காதீர்கள்.

இப்போது நம்ம பிள்ளைகள் சொன்னதைக் கேளுங்கள்.

முதலில் கொடுத்தது 'டோட்டோ-சான்'. ஜப்பான் நாட்டுக்காரர் டெட்சுகோ குரோயாநாகி தன் சின்ன வயசு வாழ்க்கையை எழுதியது. 1981இல் ஜப்பானில் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. நாவல் இல்லை, உண்மைக் கதை. ஆனால் நாவல் மாதிரியே போகும். முதல் வகுப்பிலேயே "இந்தப் பிள்ளையை வைத்துச் சமாளிக்க முடியாது" என்று ஒரு பள்ளியில் அனுப்பிவிடுகிறார்கள். அம்மா வேறு பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். அங்கே பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. தலைமை ஆசிரியர் கோபயாஷி அந்தச் சின்னப் பிள்ளை பேசுவதை 4 மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார்.

எல்லாப் பிள்ளைகளும் அந்த ரயில் பெட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "எனக்கு அந்த ஹெட்மாஸ்டரை விட அம்மாவைத்தான்க்கா பிடிச்சது. பள்ளிக்கூடத்துல வெளிய அனுப்புனதை அந்தப் பிள்ளைகிட்ட சொல்லவே இல்ல. திட்டவும் இல்ல, பக்கத்து வீட்டுல போய் சொல்லவும் இல்ல." உண்மைதான். டோட்டோ-சானுக்கு 20 வயது ஆன பிறகுதான் அந்த அம்மா விஷயத்தைச் சொன்னார். நம்மில் எத்தனை பேர் மார்க் அட்டையைத் தெருவில் வைத்தே படிக்கிறோம்? பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்தது இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா'. குறுநாவல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். கேள்வி மேல் கேள்வி கேட்கிற ஒரு பள்ளி மாணவி. கேள்வி கேட்டதற்காகவே அடி வாங்குகிறாள். அடித்தால் வலிக்காமல் இருக்க மருந்து உண்டா என்று தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்து இறந்துபோகிறாள். அவளுடைய அறிவியல் டீச்சர் சொல்வது போல் கதை போகும். ஆசிரியர்கள் எத்தனையோ பேர் படித்து மனம் மாறிய கதை இது.

நம் பிள்ளைகளுக்குள் பெரிய சண்டையே வந்துவிட்டது. "அழுதுட்டேன்க்கா, ரொம்ப நல்ல கதை" என்றாள் ஒருத்தி. பத்தாம் வகுப்புப் படிக்கிற இன்னொருத்தி, "எனக்குப் பிடிக்கல. நல்லா கேள்வி கேக்குற பொண்ணு கதையில கடைசியா செத்துத்தான் போகணுமா?" என்றாள். "அவ செத்ததனாலதான் டீச்சர் மனசு மாறிச்சு" என்று ஒரு தம்பி சொன்னான். அவள் விடவில்லை. "ஒரு டீச்சர் மனசு மாற ஒரு பொண்ணு சாகணுமா?"

சகோதரிகளே, அந்தக் கேள்விக்கு அங்கே இருந்த பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. எழுதியவர் அப்படி முடித்ததற்குக் காரணம் இருக்கும். பிள்ளை கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நம் வீட்டில் பெண் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், "எதிர்த்துப் பேசாதே" என்பதுதானே முதல் வார்த்தை? கேள்வி கேட்கிற பிள்ளை உயிரோடு, சந்தோஷமாக இருக்கிற கதை வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அது கதையில் மட்டும் நடந்தால் போதாது.

மூன்றாவது, கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950இல் தொடங்கி மூன்று வருஷத்துக்கு மேல் வார இதழில் வந்த தொடர், ஐந்து பாகம். வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் உண்டு. 2022இலும் 2023இலும் சினிமாவாக வந்த பிறகு பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள். பதினோராம் வகுப்புத் தம்பி ஒருவன், "முதல் 50 பக்கம் கஷ்டம், அப்புறம் கீழ வைக்க முடியல" என்றான். ஒரு பிள்ளை மட்டும், "எல்லாம் ராஜா வீட்டுக் கதையா இருக்கு. நம்மள மாதிரி வேலை செய்ற பொண்ணுன்னா படகு ஓட்டுற பூங்குழலிதான். அவ வர்ற இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன்" என்றாள். அந்தப் பிள்ளையின் அம்மா தினமும் தலையில் மீன் கூடையோடு போகிறவர். புத்தகத்தில் தன் அம்மாவை அவள் தேடியிருக்கிறாள்.

நான்காவதை நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். எஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது வாங்கிய நாவல். மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியோடு பேசுகிறது. குழந்தைகளைத் தப்பான எண்ணத்தோடு தொடுகிறவர்களைப் பற்றியும், அதை மறைக்காமல் நம்பிக்கையான பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியும் பயமுறுத்தாமல் சொல்கிற கதை.

பெரிய பிள்ளைகள், "பொம்மை பேசுறது எங்க வயசுக்குச் சின்னப்புள்ளத்தனமா இருக்கு" என்றார்கள். "ஆனா விஷயம் எங்களுக்கும்தான்" என்றும் சொன்னார்கள். "பையன்களுக்கு இப்படி நடக்காதா? அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்க?" என்று ஒரு தம்பி தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். எட்டாம் வகுப்புப் பிள்ளை சொன்னது: "இந்தப் புத்தகத்தை எங்க அம்மா படிக்கணும்க்கா. நான் ஏதாவது சொன்னா, 'வாயை மூடு, வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்'னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் நின்றாள். யார், எந்த ஊர் என்று தயவுசெய்து யாரும் யோசிக்கவோ கேட்கவோ வேண்டாம். அவள் கேட்ட முதல் கேள்வியை மட்டும் சொல்கிறேன். "எங்க அம்மா என்னை நம்புவாங்களா?" அந்த அம்மா நம்பினார். சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தோம். பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். வருஷக்கணக்கில் நாம் போட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வாய் திறக்காத பிள்ளையை ஒரு கதை பேச வைத்தது.

போக்சோ சட்டம் 2012இல் வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளை, ஆண் பிள்ளை இருவருக்கும் பாதுகாப்பு உண்டு. 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். இதை எல்லாக் குழுவிலும் எழுதி ஒட்டுங்கள். அதற்கும் முன்னால், பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள்.

இத்தனை பேச்சிலும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன்.

ஒன்று, புத்திமதி சொல்கிற கதை பிடிக்கவில்லை. "கடைசிப் பக்கத்துல அறிவுரை வந்தா புத்தகத்தை மூடிடுவோம்" என்கிறார்கள். இரண்டு, தங்களை மாதிரிப் பிள்ளைகள் கதையில் வர வேண்டும். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை, ஆடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்குப் போகிற பிள்ளை, அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளை. மூன்று, மொழி பேசுகிற மாதிரி இருக்க வேண்டும், புத்தகம் ரொம்பத் தடியாக இருக்கக் கூடாது. நான்கு, காதல் என்ற வார்த்தை வந்தாலே பெரியவர்கள் புத்தகத்தைப் பிடுங்கக் கூடாது. "படிச்சா ஓடிப்போயிட மாட்டோம், எது நல்லது எது கெட்டதுன்னு யோசிப்போம்" என்று ஒரு பிள்ளை சொன்னாள்.

இந்த நான்காவதைக் கேட்டு உங்களில் பாதிப் பேர் முகம் மாறுவது தெரிகிறது. உங்கள் பயம் நியாயமானது. பெண்ணைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் கையில் போன் இருக்கிற காலம் இது. போனில் என்ன பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. புத்தகம் வீட்டு அலமாரியில் இருக்கும். வாங்கிப் பார்க்கலாம், கூட உட்கார்ந்து பேசலாம். பேச்சு நின்றுபோன வீட்டில்தான் 18 வயசுக்கு முன்னாடியே கல்யாணம், படிப்பு நிறுத்தம் எல்லாம் அவசர அவசரமாக முடிவாகிறது. அதை நம் களத்தில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நூலகம். 1948இலேயே நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலேயே இதில் நாம்தான் முன்னோடி. வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். உங்கள் ஊர்க் கட்டடம் திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? பூட்டியிருந்தால் அடுத்த கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபைக்கு வருஷத்தில் 6 நாள் இருக்கிறது. குழுவாகப் போய், "எங்கள் பிள்ளைகள் வயசுக்கு ஏற்ற கதைப் புத்தகம் வேண்டும், சாயங்காலம் திறந்து வைக்க வேண்டும்" என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் 15 நிமிடம் ஒதுக்குங்கள். குழு உறுப்பினரின் மகளோ மகனோ வந்து ஒரு கதையிலிருந்து 4 பக்கம் வாசிக்கட்டும். "எங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதே" என்று கூச்சப்பட வேண்டாம். காதால் கேட்டாலும் கதை கதைதான். அறிவொளி காலத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அம்மாக்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அன்றைக்கு உங்களுக்கு யாரோ வாசித்துக் காட்டினார்கள். இன்றைக்கு உங்கள் பிள்ளை வாசிக்கட்டும்.

மூன்றாவது, வாசித்து முடித்ததும் பிள்ளையிடம் "என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். "உனக்கு யாரைப் பிடிச்சது? ஏன்?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அதுதான் கஷ்டம். 4 மணி நேரம் வேண்டாம், சோறு வடிக்கிற நேரம் போதும்.

இந்த மாதம் 5 புத்தகம் கொண்ட ஒரு பை குழுவுக்குக் குழு சுற்றி வரும். கடன் லெட்ஜர் மாதிரியே யார் எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். இதற்கு வட்டி கிடையாது. கடைசி ஒரு பத்தியில் மட்டும் பிள்ளை சொன்ன கருத்தை அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். "பிடிக்கல" என்று எழுதினாலும் அப்படியே விடுங்கள், அடிக்காதீர்கள், திருத்தாதீர்கள். அந்த நோட்டுகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேமிப்புக் கணக்கு வாசித்த பிறகு அதையும் வாசிப்போம்.