முகத்தை வரையும் முன்



இன்றைய பேச்சு ஓவியத்தைப் பற்றியது. வானொலியில் படத்தைக் காட்ட முடியாதே என்று நீங்கள் எண்ணலாம். அதனால்தான் உங்களையே வரையச் சொல்லப்போகிறேன். பிள்ளைகளிடமிருந்து ஒரு தாளும் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் கண்களுக்கு இரண்டு புள்ளிகள், வாய்க்கு நேரான ஒரு கோடு. இப்போது மூன்று முகங்களும் ஒன்றுபோலவே இருக்கும். இனிப் புருவங்களைப் போடுவோம். முதல் முகத்தில் புருவங்களின் உள்முனை மூக்கை நோக்கிக் கீழே இறங்கட்டும். இரண்டாவதில் அந்த உள்முனை மேலே ஏறட்டும். மூன்றாவதில் ஒரு புருவம் நேராகவும், மற்றொன்று வில்லைப்போல் உயர்ந்தும் இருக்கட்டும். முதலாமவர் கோபக்காரர். இரண்டாமவர் துயரத்தில் இருக்கிறார். மூன்றாமவரோ நாம் சொல்வதை நம்பவில்லை! கண்ணும் வாயும் மாறவில்லை. இரண்டு சிறு கோடுகள்தாம் மாறின.

முகம் மட்டுமா பேசுகிறது? உடலும் பேசும். நிறைந்த வாளியை ஒரு கையில் தூக்கி வருபவரின் உடல் மறுபக்கம் சாய்ந்திருக்கும். வாளி காலி என்றால் அவர் நிமிர்ந்து நடப்பார். வாளிக்குள் பால் இருக்கிறதா என்பதை, பாலை வரையாமலே காட்டிவிடலாம். சம்பள நாளன்று ஒருவர் நடக்கும் நடையும், மாதக் கடைசியில் கடன் கேட்க மளிகைக்கடை வாசலில் அவரே நிற்கும் நிலையும் வேறு வேறு. முதுகைப் பார்த்தாலே நமக்குப் புரிந்துவிடும்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தால் வருபவை. ஆனால், கைப்பழக்கம் மட்டும் ஒருவரை நல்ல கேலிச்சித்திரக்காரர் ஆக்கிவிடாது. வேறென்ன வேண்டும்? நம் நாட்டிலேயே அதற்கு ஒரு சான்று இருக்கிறது.

லாட் என்ற பெயரைக் கேள்விப்படாத மலேசியர் குறைவு. முகமட் நோர் காலிட் என்பது அவரது இயற்பெயர். 1951-ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில், கோப்பேங் அருகே ஒரு கம்பத்தில் பிறந்தவர். மலாய் மொழியில் 'புலாட்' என்றால் உருண்டை. உருண்டை முகமாக இருந்த குழந்தையை வீட்டார் அப்படி அழைக்க, அது சுருங்கி 'லாட்' ஆயிற்று. தம்மைக் கேலி செய்த பெயரையே படத்தின் அடியில் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டவர் அவர். இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

13 வயதில், 1964-இல், அவருடைய முதல் சித்திரக் கதை நூலாக வெளிவந்தது. பள்ளி முடித்தபின் 'பெரித்தா ஹரியான்' பத்திரிகையில் குற்றச் செய்தி நிருபரானார். அந்த வேலையில் எத்தனை விதமான மனிதர்களைப் பார்க்க வேண்டியிருக்கும்! பறிகொடுத்தவர், பழி சுமந்தவர், பயந்து நிற்பவர் என எல்லாரையும் பார்த்தாக வேண்டும். 1974-இல் ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த 'ஏசியா மெகசின்' இதழில், மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் படங்களாக வரைந்தார். ஊரே கொண்டாடும் விழாவில் சிறுவனின் மனத்தில் மட்டும் எவ்வளவு அச்சம்! அந்தப் படங்கள் அவரை 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழின் கேலிச்சித்திரக்காரர் ஆக்கின.

1979-இல் 'தி கம்போங் பாய்', அதாவது 'கம்பத்துப் பையன்', என்ற நூல் வந்தது. அவருடைய பிள்ளைப்பருவக் கதை அது. அதில் ஒரு கட்டம் உண்டு. பையன் பாடத்தை விட்டுவிட்டு, நண்பர்களோடு சேர்ந்து ஈயமண் அரிக்கப் போகிறான். கிடைத்த ஈயத்தைப் பெருமையோடு தகப்பனாரிடம் காட்டுகிறான். பாராட்டு வரவில்லை, அடிதான் கிடைக்கிறது. பிறகு தாயும் தகப்பனும் தன்னைப் பற்றிக் கவலையோடு பேசுவது அவன் காதில் விழுகிறது. குடும்பத்துக்குச் சொந்தமான ரப்பர் தோட்டத்தையும் தகப்பனார் அவனுக்குக் காட்டுகிறார். அதன்பின் பையன் ஊன்றிப் படிக்கத் தொடங்குகிறான்.

நேயர்களே, கோபப்படும் தகப்பனை வரைய நாம் சற்று முன் போட்ட புருவம் போதும். ஆனால், அந்தக் கோபத்துக்குள் ஒளிந்திருப்பது கவலை என்பதை யார் அறிவார்? அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கே அது தெரியும். ஒருவர் ஏன் கோபப்படுகிறார் என்று தெரிந்துகொண்டு வரையும்போது, கோடு தானாகவே மென்மையாகிவிடுகிறது. சிரிப்பும் வருகிறது, அந்த மனிதர் மீது மதிப்பும் வருகிறது.

லாட்டின் படங்களில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் வருகிறார்கள். அவர் எல்லாரையும் வைத்துச் சிரிக்கிறார். ஆனால், முதலில் தம்மை வைத்துத்தான் சிரித்துக்கொள்கிறார். கலைந்த முடியும் குட்டை உருவமுமாக வரும் அந்தப் பையன் அவரேதான். தம்மைக் கேலி செய்துகொள்ளத் தெரிந்தவரின் கேலி பிறரைச் சுடுவதில்லை.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். தோட்டத்திலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் சரி, பட்டப்பெயர் வைப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. நொண்டுபவர், திக்குபவர், குடிப்பவர் ஆகிய எல்லாருக்கும் ஒரு பெயர் உண்டு. குடித்துத் தள்ளாடும் ஒருவரை ஒரு பிள்ளை சுவரில் கரியால் வரைந்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். படம் அப்படியே அச்சாக இருக்கிறது, கூடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நிற்கும் சிறுமி ஒருத்தி இருந்தால், அவள் அவருடைய மகளாக இருப்பாள்.

அப்போது பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? கரியைப் பிடுங்கி எறிய வேண்டாம். அந்தக் கையில் திறமை இருக்கிறது. "நல்லா இருக்குடா. ஆனா, அதே ஆள் காலையில மரம் சீவப் போறப்ப எப்படி இருப்பாரு? அதையும் போட்டுக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். அதை வரைய வேண்டுமானால், பிள்ளை விடியற்காலையில் எழுந்து அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். இருட்டில் தலைவிளக்கோடு குனிந்து, பட்டை ஆழமாக வெட்டுப்படாமல் மெல்லச் சீவும் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அவன் வரையும் மனிதர், சுவரில் தள்ளாடிய மனிதராக இருக்க மாட்டார்.

வரையும் பிள்ளைக்கு விலை உயர்ந்த வண்ணங்கள் தேவையில்லை. லாட்டின் அந்த நூலே வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் வரையப்பட்டதுதான். ஒரு பென்சில், பழைய நாட்காட்டியின் பின்பக்கம், உற்றுப் பார்க்கும் பழக்கம் ஆகிய மூன்றும் போதும். படம் முடிந்ததும் அவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் படத்தை அவரிடமே கொண்டுபோய்க் காட்ட முடியுமா?" முடியும் என்றால் அது நல்ல படம்.