பழைய ஜீப்பும் பெரிய எஞ்சினும்

கரவெட்டியிலிருந்து புறப்படும் ஒரு ஜீப் வண்டி இருவேறு நிலங்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. நெல்லியடிச் சந்தியிலிருந்து கொடிகாமம் சென்று, கண்டி வீதியில் ஏறி, ஆனையிறவு கடந்து வன்னி வயல்களை அடையும் பாதை ஒன்று. கிழக்கே வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை ஆகிய இடங்களைத் தாண்டி மருதங்கேணிப் பக்கம் நீளும் கடற்கரை நிலம் மற்றொன்று. முன்னதில் நீண்ட தார் வீதியும், பாரமும், விரைவும் உண்டு. பின்னதிலோ சில்லை விழுங்கும் மணல் உண்டு. இவ்விரண்டிற்கும் ஈடுகொடுக்க இயலாமல் ஒரு பழைய வண்டி திணறும்போது, அதன் உரிமையாளரின் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம், "இதற்கு ஒரு பெரிய எஞ்சின் போட்டால் என்ன?" என்பதே.

இவ்வெண்ணம் இலங்கையில் புதியதன்று. பழைய லாண்ட் றோவரிலும் வில்லிஸ் ஜீப்பிலும் யப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்துவது நாட்டின் பல பாகங்களிலும் நெடுநாளாக நடந்துவரும் தொழில். அதற்கு வேண்டிய பழைய எஞ்சின்களையும் உதிரிப் பாகங்களையும் தேடுவோர் கொழும்பிலுள்ள பஞ்சிகாவத்தைக்குச் செல்வர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வண்டியைப் பேணிக்கொள்வதன்றிப் பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. ஆகவே இக்கேள்வி பொழுதுபோக்குக் கேள்வியன்று. ஒரு குடும்பத்தின் சேமிப்பையும், சில வேளைகளில் உயிரையும் தொடும் கேள்வி.

வெங்காயமும் புகையிலையும் செய்கின்ற, வன்னியிலும் சிறிது வயலுள்ள ஒரு கரவெட்டிக் கமக்காரரை எண்ணிப் பார்க்கலாம். அவர் முற்றத்தில் நிற்பது 1960களில் செய்யப்பட்ட லாண்ட் றோவர். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 88 அங்குலத் தூரமுடைய சிறிய வகை. எஞ்சின் இரண்டேகால் லீற்றர்ப் பெற்றோல் எஞ்சின். நெல் மூட்டைகளுடன் திரும்பும்போது வண்டி இழுப்பதில்லை. மூன்று லீற்றர் டீசல் எஞ்சின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதைப் பொருத்தித் தருமாறு வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் அவர் கேட்கிறார். அம்முதியவரோ எஞ்சினைப் பற்றிப் பேசாமல் கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

"தம்பி, கிணத்தில ஊறுற தண்ணி கூடாமல் பம்பை மட்டும் பெருப்பிச்சால் என்ன வரும்?"

"உவர்த் தண்ணி வரும், அண்ணை."

"அப்ப வண்டியிலும் முதல்ல எது காணாதெண்டு பாப்பம்."

யாழ்ப்பாணத்தவருக்கு இதைவிட நல்ல உவமை வேண்டியதில்லை. குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கி அப்படியே நிலைத்தால், கீழேயுள்ள உவர்நீரின் எல்லை ஏறத்தாழ நாற்பதடி மேலெழும் என்பது நிலநீர் அறிஞர் கூறும் கணக்கு. துலாவின் இடத்தில் பம்பு வந்தபோது வேலை இலேசாயிற்று. ஆனால் கிணற்றின் ஊற்று பெருகிவிடவில்லை. அவ்வாறே, எஞ்சின் பெரிதாவதனால் கிளச்சோ, கியர்ப் பெட்டியோ, அச்சோ, பிறேக்கோ தாமாகப் பெரிதாவதில்லை.

இவ்வுண்மையை வண்டி செய்த நிறுவனங்களின் வரலாறே காட்டுகிறது. 1948 இல் வெளிவந்த முதல் லாண்ட் றோவரின் எஞ்சின் 1.6 லீற்றர், வலு சுமார் 50 குதிரைவலு. பின்னர் 1957 இல் டீசல் எஞ்சின் வருவதற்கு முன்னோடியாக, 86 அங்குலமாக இருந்த சில்லிடைத் தூரத்தை 88 ஆக்கினார்கள். 107 ஐ 109 ஆக்கினார்கள். ஓர் எஞ்சினுக்கு இடங்கொடுக்க வண்டியையே இரண்டு அங்குலம் நீட்டினார்கள் என்பது கருத்து. வில்லிஸ் நிறுவனமும் 1953 இல் உயரங்கூடிய எஞ்சினை ஜீப்பில் அமைத்தபோது, முன்மூடியை உயர்த்த வேண்டியதாயிற்று. 1979 இல் லாண்ட் றோவரில் எட்டுச் சிலிண்டருள்ள 3.5 லீற்றர் எஞ்சின் இடம்பெற்றது. அதே எஞ்சின் றேஞ்ச் றோவர் வண்டியில் 130 குதிரைவலுவுக்கு மேல் தந்தது. லாண்ட் றோவரிலோ அதனை 91 ஆகக் குறைத்தே பொருத்தினார்கள். கியர்ப் பெட்டியையும் மாற்றினார்கள். செய்தவர்களே இத்தனை எச்சரிக்கையுடன் நடந்துகொண்டார்கள் என்றால், கராச்சில் செய்பவர் எத்துணை எச்சரிக்கை கொள்ள வேண்டும்!

முதிய மெக்கானிக் மூன்று சோதனைகளைச் செய்யச் சொல்கிறார்.

முதலாவது, இருக்கிற எஞ்சினின் உண்மை நிலையை அறிவது. நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து பார்க்க வேண்டும். வளையம் தேய்ந்து, வால்வு கசிந்து, ஒரு சிலிண்டர் சோர்ந்துபோயிருந்தால் எந்த வண்டியும் இழுக்காது. பலர் செய்யும் பிழை இங்கேதான். புதிதாக வரும் எஞ்சினைத் தேய்ந்த பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு வியக்கிறார்கள். ஒப்பிட வேண்டியது செப்பனிட்ட பழைய எஞ்சினோடு. சிலிண்டரைக் கடைந்து, வளையம் மாற்றி, வால்வு தேய்த்துக் கொடுத்தால் இழந்த வலுவிற் பெரும்பகுதி திரும்பிவிடும்.

இரண்டாவது, மணலிற் புதைவதற்குக் காரணம் எது என்று ஆராய்வது. மணற்காட்டு மணலில் சில்லு சுழன்றுகொண்டே தாழ்கிறது என்றால், அங்கே வலு குறையவில்லை, பிடிதான் குறைந்திருக்கிறது. ரயரின் காற்றைக் குறைத்தால் அது நிலத்தில் நீளமாகப் படியும், பாரம் பரவும், வண்டி மணலின்மேல் ஏறிச் செல்லும். நான்கு சில்லுகளையும் இணைத்து, தாழ் கியரில், சீராகச் செலுத்த வேண்டும். தார் வீதிக்குத் திரும்பியதும் மறவாமல் காற்றை நிரப்ப வேண்டும். இதற்குச் செலவு ஒரு காற்றுப் பம்பு மாத்திரமே. மாறாக, பெரிய எஞ்சினின் முறுக்கு விசையை மணலிற் காட்டினால் சில்லு இன்னும் ஆழமாகக் குழிதோண்டும். பின்னச்சினுள்ளே சில்லைச் சுழற்றும் தண்டுகள் இச்சிறிய வகை லாண்ட் றோவரில் முறிவதற்குப் பெயர்போனவை என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, நிறுத்தும் ஆற்றலைப் பார்ப்பது. இதுவே மூன்றிலும் முதன்மையானது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்த வண்டி 70 கிலோமீற்றர் வேகத்தில் வருமாயின், வேகம் கூடியது ஒன்றரை மடங்குக்கும் குறைவு. ஆனால் பிறேக் அடக்க வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வேகத்தின் வர்க்கப்படி சக்தி வளர்வதே அதற்குக் காரணம். அக்காலத்து லாண்ட் றோவரின் நான்கு சில்லுகளிலும் இருப்பது பழைய பீப்பாய் வகைப் பிறேக். நெல் மூட்டையும், மனைவி மக்களும் வண்டியிலிருக்க, மாலை மங்கலில் கண்டி வீதியின் குறுக்கே ஒரு மாடு வருமாயின், அப்போது பெரிய எஞ்சின் உதவப்போவதில்லை. கூடுதல் பாரமுள்ள டீசல் எஞ்சின் முன்புறத்தை அழுத்திக்கொண்டிருக்கும்; வில்லுத்தட்டுகளும் ஸ்டியரிங்கும் அதற்கென அமைந்தவை அல்ல.

இவற்றுக்கப்பால் ஏட்டுக் கணக்கும் உண்டு. எஞ்சினின் இலக்கமும் கொள்ளளவும் வாகனப் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டவை. எஞ்சினை மாற்றுபவர் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். வாங்கும் எஞ்சினுக்கு முறையான பற்றுச்சீட்டு இல்லையெனில், மலிவாக வந்தது பின்னர் பெருஞ்செலவாக முடியலாம். எரிபொருளையும் எண்ண வேண்டும். 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடெங்கும் வண்டிகள் வரிசையில் நின்றதை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

"தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில கார் ஓட்டினனீங்கள்தானே, அண்ணை? அப்ப மாத்தலாம், இப்ப மாத்தக் கூடாதோ?" என்று கமக்காரர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 1990 க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, குடாநாட்டின் பழைய ஒஸ்ரின் கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்களே மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. "எது ஏற்குமெண்டு பாத்துத்தான் செய்தனாங்கள், தம்பி. ஏலாததை ஒரு நாளும் திணிக்கேல்லை" என்று முதியவர் விடையிறுக்கிறார்.

அப்படியானால் எஞ்சினை மாற்றவே கூடாதா? கூடும். பழைய எஞ்சினின் உடல் வெடித்துப்போயிருந்தால், அல்லது கடைவதற்கு இடமின்றித் தேய்ந்திருந்தால் மாற்றுவதே அறிவு. அப்போதும் விலைக்கு வந்த பெரியதைத் தேடாமல், பழைய எஞ்சினின் வலுவுக்கு அண்மித்ததைத் தேட வேண்டும். பிறேக், கிளச், றேடியேற்றர், முன்வில்லு ஆகியவற்றுக்கு வேண்டிய பணத்தை முதலில் ஒதுக்கி, எஞ்சியதைக் கொண்டே எஞ்சின் வாங்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால், பணம் எஞ்சினோடு தீர்ந்துவிடும். பிறேக் "பிறகு பார்க்கலாம்" என்று நின்றுவிடும்.

கமக்காரர் வீடு திரும்புகிறார். அடுத்த நாள் வண்டியின் நான்கு சில்லுகளும் கழற்றப்படுகின்றன; பிறேக் வேலை தொடங்குகிறது. அதன்பின் எஞ்சினின் அமுக்கம் அளக்கப்படும். கடைந்தால் போதும் என்றால் கடைவது, போதாது என்றால் ஏறக்குறைய அதே வலுவுள்ள வேறொன்றைத் தேடுவது என்பது அவர் முடிவு. மூன்று லீற்றர் எஞ்சினை வேறொருவர் வாங்கிக்கொண்டு போகலாம். அதனால் அவருக்கு நட்டமில்லை. வன்னியிலிருந்து நெல்லோடும் பிள்ளைகளோடும் புறப்படும் வண்டி, சிறிது மெதுவாக வந்தாலும், கரவெட்டி வீட்டுப் படலையில் வந்து நிற்க வேண்டும். அவர் அந்த வண்டியிடம் எதிர்பார்ப்பது அதுவே.